கேம் கன்சோல் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு கேம் கன்சோல், அதாவது டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி, கிடக்கிறது. 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏழு மாதம் ஓடியது. ஓர் ஐப்பசி இரவில் இடி இறங்கி, டிவி ஒயரைச் செருகும் அதன் எச்டிஎம்ஐ துளையைக் கொண்டுபோயிற்று. சேவை மையத்துக்குத் தூக்கிச் சென்றேன். அங்கிருந்த பெண் கருவியைப் புரட்டி எண்ணைப் பார்த்துவிட்டு, "சார், இது இந்தியாவுக்கு வந்த மாடல் இல்லை. பில் இருக்கிறதா?" என்று கேட்டார். கடைக்காரர் தந்த துண்டுச் சீட்டை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். இடியால் வந்த பழுதுக்கு உத்தரவாதம் எப்படியும் செல்லாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பணம் தருகிறேன், சரிசெய்தாவது கொடுங்கள் என்றேன். வெளிநாட்டு மாடல் என்பதால் அதற்கும் வழியில்லை என்றார்கள்.

இரண்டாவது கன்சோலை ஒழுங்காக விசாரித்து வாங்கினேன். இரண்டு அனுபவங்களிலிருந்தும் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பெரும்பாலும் சோனியின் பிளேஸ்டேஷன் 5 பற்றியே பேசுவேன். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதும், பழைய டிஸ்க்குகள் நிறையப் புழங்குவதும் அதற்குத்தான்.

1. வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கன்சோலின் பெரிய நன்மை, யோசிக்க வேண்டியதில்லை என்பது. பொத்தானை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். இந்த கேம் என் கருவியில் ஓடுமா, கிராபிக்ஸ் கார்டு போதுமா என்ற தலைவலியெல்லாம் கிடையாது. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தது 2013 நவம்பரில். ஒன்பது ஆண்டு கழித்து, 2022 நவம்பரில் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக் என்ற கேம் கூட அதில் ஓடியது. 2013இல் வாங்கிய கணினியில் இதை எதிர்பார்க்க முடியாது.

தீமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் பெட்டி விளையாட்டைத் தவிர வேறு எதற்கும் உதவாது. யூடியூப் பார்க்கலாம், ஓடிடி பார்க்கலாம், ஆனால் அதற்கு உங்கள் டிவியே போதும். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்து, கணினி இன்னும் இல்லையென்றால், கன்சோலை மறந்துவிட்டுக் கணினி வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

இன்னொரு சோதனை. கடந்த ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று எத்தனை முறை கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். பெரிய கேம்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஆடுவதற்கானவை அல்ல. எண்ணிக்கை நான்கைத் தாண்டவில்லை என்றால், கைப்பேசியிலேயே ஆடிக்கொண்டிருப்பது நல்லது.

2. டிஸ்க் போடும் மாடலா, போட முடியாத மாடலா

பிளேஸ்டேஷன் 5இன் மெலிந்த வடிவமான ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது 54,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். அதன்பின் விலை ஏறி இறங்கியிருக்கிறது, வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். "பத்தாயிரம் மிச்சம்" என்று டிஜிட்டலுக்குக் கை நீளும். எனக்கும் நீண்டது, முதல் கன்சோல் டிஜிட்டல்தான். அது ஓடிய ஏழு மாதத்துக்குள்ளேயே அந்தப் பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் ஆகிறது. டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்கலாம், நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், பழையதாகவே வாங்கலாம். என் குறிப்பேட்டின்படி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் ஒரு டிஸ்க்குக்கு எனக்குப் போவது சராசரியாக 1,500 முதல் 2,000 ரூபாய். டிஜிட்டல் மாடலில் நீங்கள் வாங்குவது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், விற்க முடியாது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கியதற்குப் பணம் திரும்பக் கேட்க 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் பதிவிறக்கத்தைத் தொடங்காமல் இருந்தால்தான். வாங்கியவுடன் பதிவிறக்காமல் எவர் இருப்பார்?

ஸ்லிம் டிஜிட்டல் மாடலில் பின்னர் டிரைவை மாட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. முதல்முறை மாட்டும்போது இணைய இணைப்பு கட்டாயம். தனியாக டிரைவைத் தேடி அலைவதை விட முதலிலேயே டிஸ்க் மாடல் வாங்குவது நிம்மதி.

மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மலிவு என்று சொல்வார்கள். அதில் டிஸ்க் டிரைவே இல்லை, பின்னாலும் மாட்ட முடியாது. 512 ஜிபி மாடலில் கேம்களுக்குக் கிடைப்பது 364 ஜிபிதான். மாதச் சந்தா கட்டி அதில் வரும் கேம்களை மட்டும் ஆடப் போகிறவருக்கு அது பொருந்தலாம்.

நின்டெண்டோ சுவிட்சைக் குழந்தைகளுக்காகக் கேட்பவர்கள் உண்டு. நல்ல கருவி. ஆனால் நின்டெண்டோ அதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பவை இறக்குமதியானவை, பழுதானால் கடைக்காரரின் வாய்ச்சொல்தான் உத்தரவாதம்.

3. பணத்தை எடுக்கும் முன் வீட்டைச் சோதியுங்கள்

டிவி: எச்டிஎம்ஐ துளை இருக்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் மட்டும் உள்ள பழைய டிவியில் வேலை நடக்காது. 4கே டிவி கட்டாயமில்லை, 1080பி எனும் ஃபுல் எச்டி டிவியிலும் ஓடும். கன்சோலோடு சேர்த்துப் புது டிவியும் வாங்க வைக்கக் கடைக்காரர் முயல்வார். 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1 என்றெல்லாம் சொல்வார். முதல் ஆண்டுக்கு இருப்பதே போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: டிவி அமைப்புகளில் "கேம் மோட்" இருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்காவிட்டால் நீங்கள் பொத்தானை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் திரையில் ஆள் உதைப்பார். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நான் இரண்டு வாரம் புலம்பியதற்கு இதுதான் காரணம்.

இணையம்: பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு கேம் 100 ஜிபி அளவில் இருப்பது இப்போது சாதாரணம். வினாடிக்கு 40 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வேகத் திட்டத்தில் அதை இறக்க ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம், 100 மெகாபிட் திட்டத்தில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் ஐம்பது நாள்! டிஸ்க் வாங்கினால் இணையம் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். டிஸ்க்கிலிருந்து நிறுவிய பிறகும் திருத்தங்கள் இறங்கும். 2022இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது வெறும் 70 எம்பி அளவு, மற்றதெல்லாம் பதிவிறக்கம். வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

மின்சாரம்: ஆடும்போது பிளேஸ்டேஷன் 5 சுமார் 200 வாட் இழுக்கும். டிவி 100 வாட் என்று வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சிறு குடும்பத்துக்கு இது தெரியாது. ஏசி ஓடும் வீட்டில், ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும்.

மின்வெட்டு இன்னும் முக்கியம். சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேமிப்புக் கோப்பு கெடலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறத்தில் அல்லது முகப்பில் "யுபிஎஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் கன்சோல் அணைந்துவிடும், யுபிஎஸ் நிலையில் பெரும்பாலும் அணையாது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் கணினிக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் வாங்கலாம். சில நிமிடம் தாங்கும், சேமித்து அணைக்க அது போதும்.

4. முழுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான் இது. பெட்டி விலை தொடக்கம் மட்டுமே. என் மூன்று ஆண்டுக் கணக்கு இப்படி:

டிஸ்க் மாடல் கன்சோல் 54,990. இரண்டாவது கன்ட்ரோலர் 5,990, வீட்டில் இருவர் சேர்ந்து ஆட இது வேண்டும். பழைய பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை இணைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம், பிளேஸ்டேஷன் 5 கேம்களுக்கு அது வேலை செய்யாது. யுபிஎஸ் 4,000. ஆண்டுக்கு நான்கு டிஸ்க், விற்ற காசு போக 8,000 என்று மூன்று ஆண்டுக்கு 24,000. இணையத்தில் மற்றவர்களோடு ஆட உதவும் பிளேஸ்டேஷன் பிளஸ் அடிப்படைச் சந்தா ஆண்டுக்கு ஏறத்தாழ நாலாயிரம் என்று 12,000. கூட்டினால் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. கடையில் பார்த்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

சந்தாவைக் குறைக்க வழி உண்டு. பிளேஸ்டேஷன் பிளஸ் மூன்று படிகளில் வருகிறது: எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ். இணையத்தில் மற்றவர்களோடு ஆட முதல் படி போதும். இ-ஃபுட்பால், ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களை இணையத்தில் ஆட அதுவும் தேவையில்லை. தனியாகக் கதை கேம் ஆடுபவருக்குச் சந்தாவே வேண்டாம். வீட்டில் மூன்று பேர் ஆடினால் மூன்று சந்தா கட்டாதீர்கள். ஒருவர் கட்டி, அமைப்புகளில் கன்சோல் பகிர்வை இயக்கிவிட்டால், அந்தக் கருவியில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் செல்லும்.

5. கடையில்: பில், மாடல் எண், தவணை

ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய அச்சிட்ட பில். அதில் உங்கள் பெயர், தேதி, கருவியின் வரிசை எண். இந்த மூன்றும் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். "பில் போட்டால் இரண்டாயிரம் கூடும்" என்று சொல்லும் கடையில் வாங்கவே வேண்டாம்.

பெட்டியின் மேல் சிஎஃப்ஐ என்று தொடங்கும் மாடல் எண் இருக்கும். இந்தியாவுக்கு வரும் ஸ்லிம் மாடலின் எண் சிஎஃப்ஐ-2008 என்று போகும். இந்த நாலு இலக்கத்தில் கடைசி இரண்டு (08) வேறாக இருந்தால் அது துபாய், சிங்கப்பூர் போன்ற வெளியிடங்களிலிருந்து வந்தது. ஓடும், ஆனால் இங்கே உத்தரவாதம் கிடையாது. திறன் கூடிய மாடலான பிளேஸ்டேஷன் 5 ப்ரோ 2024 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தபோது, அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவுக்கு வரவில்லை. அப்போது நம் ஊர்க் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னியவை எல்லாம் இறக்குமதிச் சரக்குதான்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடமோ மாமாவிடமோ வாங்கி வரச் சொல்கிறவர்களும் இதே கணக்கைப் போடுங்கள். விமான நிலையத்தில் அவருடைய வரியில்லா வரம்பை இந்தப் பெட்டியே பெரும்பாலும் தின்றுவிடும், தாண்டினால் சுங்க வரி கட்ட வேண்டும். அவர் வாங்கி வரத் தகுந்தது கேம் டிஸ்க்தான். எந்த நாட்டு டிஸ்க்கும் இங்கே ஓடும். ஆனால் அந்த கேமுக்கான கூடுதல் பகுதிகளை இந்தியக் கணக்கில் வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.

தவணைக்குக் கடையிலேயே நிதி நிறுவனக்காரர் உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். "வட்டியில்லாத் தவணை" என்பதில் வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள், ஆனால் செயல்பாட்டுக் கட்டணமும், கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான் விழும். சில நூறு ரூபாய்தான், ஆனால் தெரிந்து கொடுங்கள். எப்போது வாங்குவது என்று கேட்டால், தீபாவளிக்கு முன்னான வாரங்கள். அப்போது ஆயிரக்கணக்கில் குறைத்து விற்பது வழக்கமாகி இருக்கிறது. ஆவணியில் அவசரப்படாதீர்கள்.

6. பழையது வாங்குவதானால்

தவறில்லை. பகல் நேரத்தில், விற்பவர் வீட்டிலேயே, அரை மணி நேரம் ஆடிப் பார்த்து வாங்குங்கள். கருவியின் பின்புற எண், பெட்டி எண், பில் எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கன்ட்ரோலரின் குச்சிகளைத் தொடாமல் விட்டு, திரையில் ஆள் தானாக நகர்கிறாரா என்று கவனியுங்கள். நகர்ந்தால் குச்சி தேய்ந்துவிட்டது, விலையில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லலாம். எச்டிஎம்ஐ ஒயரை லேசாக அசைத்தால் படம் போய்ப் போய் வருகிறதா? எழுந்து வந்துவிடுங்கள்.

"ஐம்பது கேம் ஏற்றித் தருகிறேன்" என்பவரிடம் போகாதீர்கள். அது நிறுவனத்தின் மென்பொருள் பூட்டை உடைத்த கருவியாக இருக்கும், இணையத்தில் இணைத்தால் தடை விழும். இல்லையென்றால் வேறொருவரின் கணக்காக இருக்கும், அவர் ஒரு நாள் கடவுச்சொல்லை மாற்றுவார், ஐம்பது கேமும் அன்றே மறையும். மலிவு விலைக்குக் கணக்கில் பங்கு விற்பதும் இதே வகைதான்.

7. பெட்டியைப் பிரிக்கும் நாள்

இணையத்தில் வாங்கியிருந்தால் ஒட்டிய டேப்பை வெட்டுவதிலிருந்து முதல்முறை இயக்குவது வரை ஒரே காணொளியாக எடுங்கள். மாற்றித் தர அவகாசம் பெரும்பாலும் ஏழு நாள்தான், பழுதானால் மட்டும்தான்.

கணக்குத் தொடங்கும்போது நாடு என்ற இடத்தில் இந்தியா என்று போடுங்கள். பிறகு மாற்றவே முடியாது. அமெரிக்கா என்று போட்டால் அதிகத் தள்ளுபடி என்று யாராவது சொல்வார்கள். அங்கே நம் வங்கி அட்டை செல்லாமல் திண்டாடுவீர்கள். அதேபோல இந்தியக் கணக்கில் டாலர் பரிசு அட்டை செல்லாது, உறவினர்களுக்குச் சொல்லிவையுங்கள். அட்டை மறுக்கப்பட்டால் ரூபாய் மதிப்பில் கிடைக்கும் பரிசு அட்டையை வாங்கி ஏற்றுவதுதான் தலைவலி இல்லாத வழி.

அன்றிரவே ஆட முடியும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கருவியின் மென்பொருள் திருத்தம், கேமை நிறுவுதல், அதன் திருத்தம் என்று மாலை ஓடிவிடும். வெள்ளிக்கிழமை இரவு ஏற்றிவிட்டுச் சனிக்கிழமை காலையில் உட்காருங்கள்.

1 டிபி ஸ்லிம்மில் கேம்களுக்குக் கிடைப்பது 840 ஜிபி அளவு. எட்டு, ஒன்பது பெரிய கேம்களில் நிரம்பிவிடும். உடனே உள்ளே பொருத்தும் கூடுதல் சேமிப்பகமான எஸ்எஸ்டி வாங்க ஓடாதீர்கள், முடித்ததை அழியுங்கள். வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில் பிளேஸ்டேஷன் 5 கேம்களை வைத்துக்கொள்ளலாம், அங்கிருந்து ஆட முடியாது. பிளேஸ்டேஷன் 4 கேம்களை ஆடலாம்.

8. பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

பிள்ளைக்கு உங்கள் கணக்கைக் கொடுக்காதீர்கள். உண்மையான பிறந்த தேதியோடு தனிக் குழந்தைக் கணக்கு தொடங்கி, குடும்ப மேலாண்மைப் பகுதியில் மூன்றை வையுங்கள்: நாளுக்கு எவ்வளவு நேரம், எந்த வயது வரைக்குமான கேம், மாதச் செலவு வரம்பு. செலவு வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். உங்கள் கணக்கிலும் வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். கால்பந்து கேமில் வீரர் அட்டைப் பொட்டலம் வாங்குவதற்கு ஒரு பொத்தான் போதும். என் அக்காள் மகன் ஒரு மதியத்தில் 3,200 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். திருடும் எண்ணமெல்லாம் இல்லை, அது காசு என்றே அவனுக்குத் தெரியவில்லை.

கன்சோல் கூடத்தில் இருக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். எந்த மென்பொருள் பூட்டையும் விட இது நன்றாக வேலை செய்கிறது.

9. சூடு, தூசி, இடி

கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி, நாலு பக்கமும் காற்றோட்டத்தோடு வையுங்கள். மேலே துணி விரித்து மூடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அணைத்திருக்கும்போது மட்டும் மூடுங்கள், ஓய்வு நிலையில் இருக்கும்போது கூடாது. கடலோர ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை பக்கத் துளைகளில் தூசியைத் துடையுங்கள்.

இடி மழைக்கு வருகிறேன். மின் பிளக்கைப் பிடுங்கினால் போதும் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். கன்சோல் பிளக் அன்று வெளியேதான் இருந்தது. இடி வந்த வழி கேபிள் டிவி ஒயர். அங்கிருந்து செட்டாப் பெட்டி, டிவி, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் வழியாகக் கன்சோல். ஆகவே மேகம் கறுத்தால் மூன்றைக் கழற்றுங்கள்: மின் பிளக், எச்டிஎம்ஐ ஒயர், இணையத்துக்கான லேன் ஒயர் போட்டிருந்தால் அதுவும்.

பழைய கருவியை உதிரிப் பாகத்துக்காக 4,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த வாரம் கொடுத்துவிடுவேன்.